மேல்விலங்கு

அன்று தமிழ் சமாஜத்து மாடியறையில் இருந்தவர்களையும் அவரவர் உட்கார்ந்திருந்த இடத்தையும் முதலில் சொல்லிவிடுகிறேன். சமாஜத்துக் கூட்டக் குறிப்பு எழுதிப் பழகிய கைக்கு இப்படித் தொடங்கினால்தான் அடுத்த வரி வரும்.

தலைவர் நாற்காலியில் போலீஸ் எஸ்.ஐ. அந்த நாற்காலிக்கு உரியவரான முத்துராமலிங்கம் அண்ணாச்சி, விருதுநகரிலிருந்து வந்து மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் வத்தலும் மிளகும் மொத்த வியாபாரம் செய்கிறவர், சுவரோரப் பெஞ்சின் நுனியில். அவர் பக்கத்தில், மாடிக்குக் கீழே டீக்கடை வைத்திருக்கும் பிச்சைமணி. உட்காரச் சொன்னால் உட்காருவான், எஸ்.ஐ.யின் பார்வை திரும்பியதும் எழுந்துவிடுவான். என் கணவர் சிவசங்கரன் ஜன்னலோரம், முகத்தைத் தெருப்பக்கம் வைத்துக்கொண்டு. ஏட்டு ஒருவர் மாடிப்படி வாசலில் ஸ்டூல் போட்டு வழியை அடைத்தபடி. நான் மேஜைக்கு எதிரே, எழுதுகிறவள் வழக்கமாக உட்காரும் முக்காலியில்.

அந்த அறையில் இல்லாதவன் என் தம்பி வெங்கிட்டு. அவனைப் பற்றித்தான் பேச்சு.

வெங்கிட்டு டில்லியில் எங்கள் தொகுதி எம்.பி. விஸ்வேஸ்வரனிடம் டைப்பிஸ்டாக இருந்தான். நான் அவனுக்குப் போட்ட கடிதத்தை வழியில் யாரோ பிரித்திருந்தார்கள். 1976 டிசம்பர் அது. அந்த நாட்களில் பிரிப்பவர்கள் யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். இப்போது அது மேஜைமேல், மூலையில் ஊசி குத்தி, ஒரு மலையாளத் தாளோடு சேர்ந்து கிடந்தது.

"இது சேச்சிடெ கையெழுத்தல்லே?" என்றார் எஸ்.ஐ.

"ஆமாம் சார்."

"எங்கில் வாயிக்கு."

வாசித்தேன். என் கடிதத்தை அதற்குமுன் நான் அந்நியர் காதுக்கு வாசித்ததில்லை. நானே எழுதியது, எனக்கே வேறு யாரோ எழுதியதுபோல் கேட்டது.

"அடியந்திரம் கழியட்டும். அதன் பிறகு நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து அவருக்குச் செய்யவேண்டியதைக் குறைவில்லாமல் செய்துவிடுகிறோம். அதற்குமுன் எனக்கு மூன்று விவரம் வேண்டும். ஒன்று, அவர் பிறந்த ஊர், வளர்ந்த விதம், யார் யாரோடு பழக்கம். இரண்டு, சபையில் எந்த மசோதாவுக்கு எந்தப் பக்கம் கை தூக்கினார். மூன்று, தேர்தலுக்குப் பணம் கொடுத்தவர்கள் யார் யார். ஒரு பேர் விடாமல் எழுது. இதை அவரிடம் சொல்லிவிடாதே. கடைசி நிமிஷம் வரை அவருக்குத் தெரியாமல் இருந்தால்தான் நன்றாக இருக்கும்."

வாசித்து முடித்தேன். கீழே கைவண்டியில் மூட்டை இறக்குகிறவர்களின் சத்தம் மட்டும் வந்தது.

எஸ்.ஐ. மலையாளத் தாளை என் பக்கம் நகர்த்தினார். என் கடிதத்தின் மொழிபெயர்ப்பு. முதல் வரியிலேயே என் கண் நின்றுவிட்டது. 'அடியந்தராவஸ்தை கழிந்தால்' என்று இருந்தது. நெருக்கடி நிலைக்கு மலையாளத்தில் அதுதான் பேர். அந்தத் தாளின்படி, நெருக்கடி நிலை முடியட்டும், பிறகு எல்லோரும் சேர்ந்து எம்.பி.யைக் கவனித்துக்கொள்கிறோம் என்று நான் எழுதியிருக்கிறேன். கடைசி நிமிஷம் வரை அவருக்குத் தெரியக்கூடாது என்றும் எழுதியிருக்கிறேன்.

"யார் சார் இதை மாத்தி எழுதினது?"

பெஞ்சிலிருந்து பிச்சைமணி எழுந்து நின்றான்.

"ஸ்டேசனுக்கு டீ கொண்டுபோனேன் மாமி. தமிழ் வாசிப்பியாலேன்னு கேட்டாக. வாசிச்சுச் சொன்னேன்."

"அடியந்திரம்னா என்னன்னு நினைச்சே?"

"ரேடியோவுல எந்நேரமும் அடியந்தராவஸ்தை, அடியந்தராவஸ்தைன்னுதான சொல்லுதான்? எங்க திருநவேலிப் பக்கம் அப்படி ஒரு வார்த்தையே கிடையாது. இங்க வந்து நாலு வருசமா நான் கேட்ட ஒரே அடியந்திரம் அதான்." அவனுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. "நான் என்னத்தக் கண்டேன் மாமி?"

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. பாலக்காட்டிலும் கொச்சியிலும் தலைமுறையாக இருக்கும் எங்கள் வீடுகளில் கல்யாணமோ காரியமோ, இலை போட்டுச் சாப்பாடு போடுகிற எதுவும் அடியந்திரம்தான். என் நாத்தனார் ஸ்வர்ணலதாவின் கல்யாணம் தை மாதம். அது முடிந்தபிறகு எம்.பி.க்குச் சமாஜத்தில் வரவேற்பு, அவர் எதிர்பாராமல் ஒரு பாராட்டுப் பத்திரம். பத்திரம் எழுதுவது என் வேலை. விவரமில்லாமல் எழுதிப் பழக்கமில்லை எனக்கு. நான் படித்த கொழிஞ்சாம்பாறைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னால் முதலில் குறிப்புச் சேர்த்துக் காட்டினால்தான் தாள் கொடுப்பார்கள்.

அதையெல்லாம் எஸ்.ஐ.யிடம் சொன்னேன். பாதி தமிழும் பாதி மலையாளமுமாக வந்தது.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். மலையாளி அல்லவா, அடியந்திரம் என்ற சொல் அவருக்குத் தெரியும். முகம் ஒரு கணம் தெளிந்தது. உடனே முன்னைவிட இருண்டது.

"அடியந்திரமோ? ஆருடெ அடியந்திரம்? எம்.பி.யுடெயோ?"

என் கணவர் ஜன்னலிலிருந்து பதறித் திரும்பினார். மலையாளிகள் பெரும்பாலும் அந்தச் சொல்லைச் செத்தவருக்குப் பதினாறாம் நாள் செய்வதற்குத்தான் சொல்வார்கள். எம்.பி.யின் பதினாறு கழியட்டும், பிறகு செய்யவேண்டியதைச் செய்கிறோம். முதலில் இருந்ததைவிட இது மோசமாக இருந்தது.

"ஐயோ, இல்லை சார்! என் தங்கைக்குக் கல்யாணம். கல்யாணத்தையும் எங்களில் அப்படித்தான் பறயறது." என் கணவர் சட்டைப் பையிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டினார்.

எஸ்.ஐ. பத்திரிகையைப் பிச்சைமணியிடம் கொடுத்தார். "இதில் அடியந்திரம் எந்நு எவிடெ?"

பிச்சைமணி மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் பார்த்தான். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தான். "விவாஹ சுபமுகூர்த்தம்னு போட்டிருக்கு சார். அது... அந்த வார்த்தை இல்ல."

அச்சடித்த பத்திரிகையில் எந்த வீட்டுக்காரன் அடியந்திரம் என்று போடுவான்?

"சார், எழுத்தைப் பாருங்கோ," என்றேன். முக்காலியிலிருந்து எழுந்து கடிதத்தின்மேல் குனிந்தேன். "அடியந்தரம்னு எழுதலை நான். அடியந்திரம். ரெண்டும் வேற. இந்த தகரத்துக்கு மேலே இருக்கு பாருங்கோ, விலங்கு. அந்த விலங்கைப் போட்டாத்தான்..."

விலங்கு என்று காதில் விழுந்ததும் வாசலில் ஏட்டு எழுந்துவிட்டார். அவர் கை இடுப்புக்குப் போனது. ஸ்டூல் பின்னால் சாய்ந்து மாடிப்படியில் தடதடவென்று உருண்டது.

தமிழ் எழுத்தில் இகரத்துக்குப் போடும் வளைவுக்கு மேல்விலங்கு என்று பெயர் என்பதை நான் எந்த மொழியில் சொல்ல? மலையாளத்திலும் விலங்கு என்றால் கைவிலங்குதான்.

"எழுத்து சார், எழுத்து!" என்று பிச்சைமணிதான் கத்தினான். "எழுத்துக்குப் போடுத விலங்கு! ஆளுக்கு இல்ல!"

எஸ்.ஐ. கையைக் காட்டினார். ஏட்டு கீழே போய் ஸ்டூலைத் தூக்கிவந்து பழையபடி வழியை அடைத்து உட்கார்ந்தார்.

அதன் பிறகு எஸ்.ஐ. வெகுநேரம் என் எழுத்தையும் மலையாளத் தாளையும் மாறிமாறிப் பார்த்தார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. புரிந்ததனால்தான் அவர் பயந்துபோனார் என்பது கொஞ்சம் தாமதமாகத் தெரிந்தது.

"இதிண்டெ கோப்பி மேலே போயி," என்றார் தணிந்த குரலில். "நான் ஒப்பிட்டு அயச்சதாணு. இனி அது தெற்றிப்போயி என்னு எனக்கு எழுதான் பற்றுமோ?"

தான் கையெழுத்துப் போட்டு அனுப்பியதைத் தப்பு என்று அவரே எப்படி எழுதுவார்? அப்படி எழுதியவர்கள் அந்த நாட்களில் எங்கே இருந்தார்கள் என்று எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

"வெங்கிட்டு எங்கே சார்?" என்று கேட்டேன். வந்ததிலிருந்து தொண்டையில் வைத்திருந்த கேள்வி.

"ஒரு ஓஃபீசில் இருத்தியிருக்கயாணு. சோத்யம் சோதிக்கான்." கேள்வி கேட்பதற்காம். என்னைப் பார்க்காமல் சொன்னார். "சேச்சி ஒரு விளக்கம் எழுதித் தா. தமிழில் எழுதியால் மதி; மலையாளம் கூடெ வைக்காம். இந்நத்தெ தபாலில் அது போயால், அவர் வாயிச்சு சரியெந்நு தோன்னியால், பய்யனை விடும்."

"தோன்றாவிட்டால்?"

விசாரணை இல்லாமலே உள்ளே தள்ளும் மிசா சட்டத்தின் பேரை அவர் சொல்லவில்லை. பென்சிலை எடுத்து மறுபடியும் கீழே வைத்தார்.

வெங்கிட்டுவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும், படித்ததெல்லாம் மலையாளம். மறந்துபோகக் கூடாதென்று நான் பிடிவாதமாகத் தமிழிலேயே எழுதுவேன். மலையாளத்தில் எழுதியிருந்தால் மொழிபெயர்க்க ஆள் தேடியிருக்க மாட்டார்கள்.

தாளை எடுத்து ஓரம் மடித்தேன். எஸ்.ஐ. என் கடிதத்திலிருந்த மூன்று கேள்விகளையும் வரிசையாக எடுத்தார்.

முதல் கேள்வி எந்தினா? பாராட்டுப் பத்திரத்துக்கு. இரண்டாவது? அதுவும் பாராட்டுப் பத்திரத்துக்கு. அவர் நம்பாமல் பார்க்க, சுவரைக் காட்டினேன். சமாஜம் இதுவரை கொடுத்த பத்திரங்களின் பிரதிகள் கண்ணாடி போட்டு வரிசையாகத் தொங்கின. எல்லாவற்றிலும் மூன்று பத்தி: வரலாறு, பணி, நன்றி. எஸ்.ஐ. எழுந்துபோய், வாசிக்கத் தெரியாவிட்டாலும் ஒவ்வொன்றிலும் விரல் வைத்துப் பத்திகளை எண்ணிப் பார்த்தார்.

"மூந்நாமத்தெ சோத்யம்," என்றார், முதுகைக் காட்டி நின்றபடியே. "தேர்தலினு பணம் கொடுத்தது ஆரெந்நு. இது ஆரு பறஞ்ஞிட்டு?"

நான் அண்ணாச்சியைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்கக் கழுத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அது அவர் சொல்லித்தான். எழுபத்தொன்றாம் வருஷத் தேர்தலுக்கு அண்ணாச்சி எம்.பி.க்குப் பெட்ரோலும் சுவரொட்டியும் ரொக்கமும் கொடுத்தவர். நன்றிப் பத்தியில் தன் பேர் முதலில் வரவேண்டும், அதற்குமுன் வேறு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று தெரியவேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் எதிர்த்து நின்றவருக்கும் அவர் கொடுத்திருந்தார். வியாபாரி யாரைத்தான் பகைத்துக்கொள்ள முடியும்? அந்த எதிர்த்து நின்றவர் இப்போது ஜெயிலில் இருந்தார். இரண்டு பேருக்கும் அண்ணாச்சியின் வாழ்த்துக் கடிதம் எழுதியவள் நான்தான்.

"நான் எதுக்கு சார் அதெல்லாம் கேக்கச் சொல்லப்போறேன்?" என்றார் அண்ணாச்சி. அவரை யாரும் கேட்கவில்லை. "எனக்கும் எலெக்சனுக்கும் என்ன சம்பந்தம்? நான் வத்தல் வியாபாரி."

என் கணவர் எழுந்து வந்து, தண்ணீர் கொடுப்பதுபோல் என் பக்கம் குனிந்தார். "பறஞ்சுடு, கமலாக்ஷி. கேட்டயோ? நம்ம வெங்கிட்டுவா, அவரா? யாருக்காக நீ வாயைக் கட்டிண்டிருக்கே?"

தம்ளரை வாங்கினேன். தண்ணீரில் என் முகம் ஆடியது. பெஞ்சில் அண்ணாச்சி தன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வேட்டி முழங்காலருகே, கை துடைத்துத் துடைத்து, வத்தல் சிவப்பு ஏறி ஈரமாகியிருந்தது. ஒரு பேரைச் சொன்னால் வெங்கிட்டு வருவான் என்று நிச்சயமிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. ஆனால் ஒரு பேர் கிடைத்தால் அவர்கள் அடுத்த பேரைக் கேட்பார்கள். கேட்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் டில்லியில் அவர்கள் கையிலேயே உட்கார்ந்திருந்தான்.

"மூணாம் பத்தி எப்பவும் நன்றி சார்," என்றேன். "நன்றி சொல்லணும்னா பேர் தெரியணும். வழக்கம்போல நானே கேட்டேன்."

எஸ்.ஐ. திரும்பினார். என்னைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், ஏட்டைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"சரி. எங்கில் ஆ பத்ரம் இப்போள்த்தன்னெ எழுது. விளக்கத்தோடு கூடெ வைக்காம். அது கண்டால் அவர்க்கு விஸ்வாசம் வரும்."

விளக்கத்தை எழுதி முடித்தேன். அடியந்திரம் என்ற சொல்லையே தொடாமல் கல்யாணம் என்று எழுதினேன். 'அவசரத்தில் எழுதியதால்' என்று ஒரு வரி தொடங்கி, பேனா அப்படியே நின்றது. தமிழ்ப் பத்திரிகைகளில் அவசரநிலை என்றல்லவா போடுகிறார்கள்? தாளைக் கிழித்து வேறு எடுத்தேன். 'வேறு நெருக்கடிகளால்' என்று வந்தது. அதையும் கிழித்தேன். அவ்வளவு நாளாக என் கைக்கு அடங்கிக் கிடந்த சொற்களெல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து ஏட்டின் பக்கம் போய் நின்றன.

பத்திரத்தின் முதல் பத்தி கஷ்டமில்லை. பாலக்காட்டுப் பக்கம் பிறந்தவர், வக்கீல், மாணவராக இருந்தபோது வெள்ளைக்காரனை எதிர்த்து ஜெயிலுக்குப் போனவர். ஊருக்கே தெரிந்தது அது.

இரண்டாம் பத்தி. 'நாடாளுமன்றத்தில்' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன். "சபையில் அவர் என்ன செஞ்சார்? யாருக்காவது தெரியுமா?"

எல்லோருக்கும் தெரியும். சபையின் ஆயுளை நீட்டும் மசோதா வந்தது. அரசியல் சட்டத்தையே மாற்றி எழுதும் மசோதா வந்தது. இந்த அறையில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

"எந்து செய்து? எல்லாத்தினும் கை பொக்கி. அத்ர தன்னே," என்று எஸ்.ஐ. தன் கையையும் தூக்கிக் காட்டிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அவர் கண் வாசலுக்குப் போனது. ஏட்டு மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் கேட்காதவர்போல. எஸ்.ஐ. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

எழுதினேன். 'நாடாளுமன்றத்தில் எந்நாளும் கைதூக்கத் தயங்காதவர்.' எழுதும்போது எனக்கு வேறு நினைப்பில்லை, சத்தியமாக. விழுந்தவனைக் கைதூக்கிவிடுகிறவர் என்ற பொருளில் வாக்கியம் தானாக வந்தது. முற்றுப்புள்ளி வைத்தபிறகுதான் அது என்ன சொல்கிறது என்று கண்ணில் பட்டது. அதற்குள் தாள் என் கையில் இல்லை. எஸ்.ஐ. அதைப் பிச்சைமணியிடம் நீட்டியிருந்தார்.

இந்தத் தடவை அவன் நிதானமாக வாசித்தான். உதடு மட்டும் அசைந்தது. இரண்டாம் பத்திக்கு வந்ததும் உதடும் நின்றது. தலை தூக்கி என்னைப் பார்த்தான். திருநெல்வேலிக்காரனுக்கு அடியந்திரம் தெரியாமல் போகலாம், இது தெரியாமலிருக்குமா?

"எந்தா?" என்றார் எஸ்.ஐ.

பிச்சைமணி தொண்டையைச் செருமினான். "பாவங்களெ கைபிடிச்சு ஏத்துந்ந ஆளு எந்நா சார்."

பெஞ்சில் அண்ணாச்சி திடுக்கிட்டு நிமிர்ந்தார். "பாவங்களையா? யாருவே பாவம் பண்ணினா?"

"பாவம்னா மலையாளத்துல ஏழைங்க, அண்ணாச்சி. ஏழைங்களக் கைதூக்கி விடுதவருன்னு மாமி எழுதியிருக்காக. நீரு சும்மா இரியும்."

எஸ்.ஐ. அதை அப்படியே மலையாளத்தில் எழுதிக்கொண்டார். பிச்சைமணி அவர் எழுதி முடிக்கும்வரை நின்றுவிட்டு, அன்று முதல் தடவையாக யாரும் சொல்லாமலே பெஞ்சில் உட்கார்ந்தான். கை தொடைக்கு இடையில் இருந்தது.

மூன்றாம் பத்தியில், அவர் வெற்றிக்குத் துணைநின்ற தொகுதி மக்கள் அனைவருக்கும் நன்றி என்று போட்டு முடித்தேன். நான் எழுதிய பத்திரங்களில் ஒரு பேர்கூட இல்லாத நன்றி அது ஒன்றுதான்.

இரண்டு தாளையும் மலையாளப் பிரதிகளையும் நீளவாட்டில் மடித்து உறையில் போட்டேன். பசை ஒட்டியது. எஸ்.ஐ. போதாது என்றார், அரக்கு வைக்கவேண்டும், சமாஜ முத்திரை வேண்டும். சமாஜத்துக்கு இருந்தது ரசீதில் குத்தும் ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று. அரக்கில் அது உருகிவிடும்.

தபால் எடுக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. என் கணவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார்.

அண்ணாச்சி பெஞ்சிலிருந்து எழுந்தார். மடியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். அதில் ஒரு பித்தளை முத்திரை கோத்திருந்தது. மிளகு சாம்பிள் பொட்டலங்களுக்கு அரக்கு வைத்துக் குத்துவது, அவர் பேரும் கடை விலாசமும் வெட்டியது.

"என்னோடது இருக்கட்டும் மாமி," என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "டேய் பிச்சைமணி, என் கடையில அரக்குக் குச்சி இருக்கும், வாங்கிட்டு வா."

"அண்ணாச்சி, அதில் உங்க பேர்..." என்றேன்.

"தெரியும்லா. தலைவர் முத்திரைதானே சமாஜத்து முத்திரை? சீக்கிரம் ஆகட்டும்."

ஏட்டு ஸ்டூலை நகர்த்தி வழிவிட, பிச்சைமணி ஓடிப்போய்க் குச்சியோடு வந்தான். தீக்குச்சி இரண்டு தடவை அணைந்தது. மூன்றாவதை எஸ்.ஐ. தன் உள்ளங்கையால் மறைத்துப் பிடித்தார். சிவப்பு அரக்கு உறையின் மடிப்பில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அண்ணாச்சி முத்திரையை வைத்து அழுத்தினார். முத்திரை நகர்ந்து முதல் பதிவு இரட்டையாக விழுந்தது. இன்னொரு சொட்டு விட்டு மறுபடியும் அழுத்தினார். இந்தத் தடவை பேர் முழுக்கத் தெளிவாக விழுந்தது.

எஸ்.ஐ. அரக்கை ஊதி ஆறவைத்து, உறையை ஏட்டிடம் கொடுத்தார். ஏட்டு அதைச் சட்டைக்குள் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு இறங்கினார். ஜன்னல் வழியாகப் பார்த்தோம். சைக்கிள் வத்தல் மூட்டைகளுக்கு நடுவில் புகுந்து, மணியடித்துக்கொண்டே தபாலாபீஸ் பக்கம் திரும்பியது.